வாயில் ஏலக்காய், வானத்தில் ஏவுகணை

என் வீட்டுக்காரர் பொய் சொல்ல மாட்டார். கதை விடுவார். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பது அவர் கட்சி. ஒரு வித்தியாசமும் இல்லை என்பது என் கட்சி. கல்யாணமான நாள் முதல் இருபத்தாறு வருஷமாக இந்த வழக்கு எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. போன வருஷம் ஒரே நாளில் தீர்ப்பு வந்தது. தோற்றது நான்தான்.

அவருக்கு ஜீப்பு ஓட்டுகிற தொழில். விடிவதற்கு முன்னால் போடியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவார். பதினேழு கொண்டை ஊசி வளைவு தாண்டி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஏலத் தோட்டங்களில் இறக்கிவிட்டு, மத்தியானத்துக்கு மேல் காய் லோடோடு கீழே வருவார். தினம் போகிற அதே ரோடுதான். ஆனால் அவருக்கு மட்டும் அதில் தினம் ஏதாவது நடக்கும். யானை ஸ்டெப்னி டயரைக் கழற்றி உருட்டி விளையாடும். பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியாமல், வளைவை எண்ணி எண்ணியே மெட்டு வரைக்கும் போய்ச் சேர்ந்திருப்பார். புலி ஒன்று போடிமெட்டில் ஜீப்பின் மேல் ஏறிப் படுத்து, அடிவாரத்து முந்தல் செக்போஸ்ட் வந்ததும் மரியாதையாக இறங்கிப் போயிருக்கிறது.

இந்தப் புலிதான் என் மகளுடைய முதல் சம்பந்தத்தைத் தின்றது. பெண் பார்க்க வந்தவர்களிடம் இவர் அந்தக் கதையைச் சொல்ல, அவர்கள் போகிற வழியில் செக்போஸ்ட்டிலேயே இறங்கி விசாரித்திருக்கிறார்கள். 'பேச்சில் நிலை இல்லாத வீடு' என்று மறுநாள் சொல்லி அனுப்பினார்கள். மகள் சிரித்தாள். அந்த மாப்பிள்ளை மேல் அவளுக்கு ஒன்றும் நினைப்பில்லை. நான்தான் மூன்று நாள் இவரோடு பேசவில்லை.

இரண்டாவதாக வந்தது ராசிங்காபுரத்துச் சம்பந்தம். இந்த முறை மகள் சிரிக்கவில்லை. மதுரைக்குப் படிக்கப் போனபோது ரயிலில் பார்த்துப் பழகிய பையன். படித்துவிட்டு அப்பாவோடு விவசாயம் பார்க்கிறான். ராசிங்காபுரத்தில் தோப்பு, மலையில் கொஞ்சம் ஏலம். அவள் என்னிடம் நேராகவே சொல்லிவிட்டாள். "அம்மா, இது கூடலேன்னா வேற யாரையும் பாக்காத. அப்பாவ மட்டும் கொஞ்சம் பேசாம இருக்கச் சொல்லு."

அவர்கள் வீட்டு வழக்கப்படி ஒரே நாளில் முடிவு தெரிந்துவிடும். வந்து பார்த்துப் பேசி, மனசுக்குப் பிடித்தால் அப்போதே பெண்ணின் தலையில் பூ வைத்துவிடுவார்கள். பிடிக்காவிட்டால் காப்பியைக் குடித்துவிட்டு, கொண்டுவந்த பூவைப் பிரிக்காமலே எடுத்துப் போவார்கள்.

அவர்கள் வரப்போகிற அன்று அதிகாலையில், ஜீப்பைக் கிளப்பப் போனவரை வாசலில் மறித்தேன். அவருடைய ஜீப்பில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு தகர டப்பா நிறைய ஏலக்காய் இருக்கும். வளைவில் குமட்டுகிறவர்களுக்கு ஆளுக்கொரு காய் கொடுப்பார். கடிக்கக் கூடாது, கன்னத்தில் அதக்கிக்கொள்ள வேண்டும். போடிமெட்டு வந்ததும் கடித்துக்கொள்ளலாம். அந்த டப்பாவையே எடுத்து அவர் முன்னால் நீட்டினேன்.

"சாயந்தரம் அவங்க வந்ததும் நீங்க ஒண்ண எடுத்து அதக்கிக்கணும். நான் சொல்லுற வரைக்கும் கடிக்கக் கூடாது. கடிக்காம இருக்கிற வரைக்கும் பேச்சும் கிடையாது."

"வந்தவங்க கேட்டா என்ன செய்ய?"

"தலைய ஆட்டுங்க."

"உம்மவளுக்காக ஒத்துக்கிறேன்" என்று என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுப் போனார். பாவம், அன்றைக்கென்று பார்த்து வானத்தில் அது நடந்தது.

நான் ஏலக்காய்க் குடோனில் காய் பொறுக்கும் பெண்களுக்கு மேற்பார்வை. பெரிய காய், சின்னக் காய், பச்சை, வெளுப்பு என்று பிரிக்கிற வேலை. காலையில் நான் போய்ச் சேரும்போது ஒருத்தி கூட முறத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கவில்லை. எல்லாரும் கிழக்கு ஜன்னலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வானத்தில் ஒன்றுமே இல்லை.

"என்னத்தப் பாக்குறீங்க?"

"ஏவுகணையாம்க்கா! கடலோரத்துல இருந்து யாரோ விட்டிருக்காக. எந்தங்கச்சி போற ஜீப்புலேர்ந்து பாத்திருக்கா. எட்டாவது வளைவுல நிறுத்தி எல்லாரும் எறங்கிப் பாத்தாகளாம். மொதல்ல பாத்ததே உங்க வீட்டு அண்ணந்தானாம்!"

ஏவுகணை யார் மேல் விழுந்தாலும் எனக்குக் கவலை இல்லை. பார்த்த ஆள் என் வீட்டுக்காரர். பார்த்த நாள் பூ வைக்கிற நாள்.

கொஞ்ச நேரத்தில் போனில் வீடியோக்கள் வர ஆரம்பித்தன. கிழக்கே வெள்ளையாக ஒரு கோடு, மேலே போய் சுருண்டு, இன்னும் வராத சூரியனின் வெளிச்சம் பட்டு மின்னியது. கடற்கரை ஊர்க்காரர்களும் பார்த்திருக்கிறார்கள். டிவியில் நாலு பேர் உட்கார்ந்து நாலு விதமாகப் பேசினார்கள். ஒருவர் ராக்கெட் என்றார், ஒருவர் கப்பலில் இருந்து விட்ட ஏவுகணை என்றார், இன்னொருவர் அது விமானம் போன தடம்தான் என்று சாதித்தார். முன்கூட்டி அறிவிப்பு எதுவும் இல்லை, எங்களுக்குத் தெரியாது என்று மேலே இருப்பவர்கள் சொன்னதாகக் கீழே எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது.

தெரியாது என்று அவர்கள் சொன்னதும் எங்கள் குடோனில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. பக்கத்து நாட்டுக்காரன் குறி பார்த்துப் பழகுகிறான் என்றாள் ஒருத்தி. மழை வராமல் இருக்க மேகத்தைக் கலைக்கிறார்கள் என்றாள் இன்னொருத்தி. அவள் வீட்டுக்காரர் அந்த வாரம்தான் நாற்று நட்டிருந்தார். மேலே தோட்டத்தில் மருந்தடிக்கிற டிரோன் தப்பிப் போய்விட்டது என்று ஒரு மலையாளத்துச் சேட்டன் போனில் சொன்னாராம். ஒரு பெண் மட்டும், "எதுவா இருந்தாலும் அது திரும்பி வருமா, வராதா? அதச் சொல்லுங்க மொதல்ல" என்று கேட்டாள். அதைக் கேட்டதும் எல்லாரும் மறுபடியும் ஜன்னலுக்கு ஓடினார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சாயந்தரம் நாலு மணிக்கு நான் வீட்டில் இருந்தாக வேண்டும். அதற்குள் மூட்டைகள் முடிய வேண்டும். இவர்களை ஜன்னலை விட்டு நகர்த்த எனக்கு ஒரு வழிதான் தோன்றியது.

"அந்தப் புகை காத்துல வந்து காயில படிஞ்சா பச்சை போயிரும். கலரு போன காயை எவன் வாங்குவான்? ஜன்னலச் சாத்திட்டு வெரசா சோலியப் பாருங்க!"

மந்திரம் போட்டது மாதிரி வேலை செய்தது. போடியில் ஒருவரிடம் குண்டு விழும் என்று சொன்னால் எங்கே என்று கேட்பார். காயில் பச்சை போய்விடும் என்று சொன்னால் எழுந்து ஓடுவார். ஜன்னல்கள் பட்பட்டென்று சாத்தப்பட்டன. மூட்டைகள் மேல் தார்ப்பாய் விழுந்தது. நான் மூன்று மணிக்கே வேலையை முடித்துவிட்டு, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் அவர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கண்கள் இரண்டும் பளபளவென்று இருந்தன. என்னைப் பார்த்ததும், "ஏ, இன்னைக்கு எட்டாவது வளைவுல…" என்று ஆரம்பித்தார்.

"வேணாம். எங்கிட்டச் சொன்னா ருசி கண்டு போயி அவங்ககிட்டயும் சொல்லிருவீங்க."

"இது நெசம்டி!"

"அதான் பயமா இருக்கு."

இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக நிஜமாகவே ஒரு அதிசயத்தைப் பார்த்திருக்கிறார். அதைச் சொல்ல அவருக்கு ஒரு வாய் இல்லை. பெருமூச்சு விட்டார். அவர்கள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. இருந்தாலும் தன் மேலேயே நம்பிக்கை இல்லாமல் அப்போதே ஒரு காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளைப் பையன், அவன் அப்பா, அம்மா. அம்மாவின் கையில் ஒரு ஒயர்கூடை. அதற்குள் வாழையிலையில் சுற்றிய பூப்பொட்டலம் தெரிந்தது. அந்தக் கூடையை அவர் தன் காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு நான் யாரோடு பேசினாலும் என் கண் அந்தக் கூடையில்தான் இருந்தது.

பையனின் அப்பா நல்ல மனுஷர். உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "மாப்ளே, காலைல வானத்துல நடந்தத நீங்கதான் மொதல்ல பாத்தீங்களாமே! என்னதான் அது?" என்றார்.

"ம்" என்றார் இவர்.

"ஏவுகணையா?"

தலையை மேலும் கீழும் ஆட்டினார். பிறகு யோசித்து, பக்கவாட்டிலும் ஆட்டினார்.

"என்ன மாப்ளே, கன்னம் வீங்கியிருக்கு? பல்லுவலியா?"

"ஆமாண்ணே, ரெண்டு நாளா" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். அன்று சாயந்தரம் எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட முதல் பொய் அது. சமையல்கட்டு வாசலில் காப்பித் தட்டோடு நின்ற மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பையன் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

பேச்சு நன்றாகத்தான் போனது. மகளுடைய பள்ளிக்கூட வேலை, தோப்பு, மழை. பையனின் அம்மா மட்டும் அதிகம் பேசவில்லை. என் வீட்டுக்காரரை அடிக்கடி பார்ப்பதும் ஏமாந்தது போல முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தார். போச்சு, ஆளைப் பிடிக்கவில்லை என்று நான் முடிவு கட்டினேன்.

அப்போதுதான் பையனின் அப்பா மறுபடி ஆரம்பித்தார். "அது எதுவோ இருந்துட்டுப் போகுது தங்கச்சி. ஆனா அந்தப் புகை பொல்லாததாம்ல? காயில படிஞ்சா பச்சை போயிருமாம். போடியில பெரிய வியாபாரி ஒருத்தர் கண்ணாடி வச்சுப் பாத்து, நெசந்தான்னு சொல்லிட்டாராம். குடோனுக எல்லாத்துலயும் ஜன்னல அடைச்சு வெளக்குப் போட்டு வேலை பாக்குறாங்களாம். எனக்கு எங்க ஊரு டீக்கடையில தகவல் வந்துச்சு. ஒடனே மலைக்குப் போனப் போட்டு, ஸ்டோரு ஜன்னலப் பூராம் சாத்தச் சொல்லிட்டேன்."

மலையில் ஸ்டோர் என்றால் பறித்த காயை உலர்த்துகிற கட்டடம். கீழே விறகுச் சூடு ஏறும். காயில் இருக்கிற ஈரம் ஆவியாக ஜன்னல் வழியே வெளியேற வேண்டும். முதல் சில மணி நேரம் ஜன்னலைத் திறந்தே வைத்திருப்பார்கள். சாத்தினால் காய் தன் ஆவியிலேயே அவிந்துபோகும். பச்சை போவதற்கு ஏவுகணையே வேண்டாம்.

"காய் எப்பண்ணே போட்டீங்க?" என்று கேட்டேன்.

"மத்தியானந்தான். இந்தப் பறிப்புக்கு இருந்த காய் மொத்தமும் உள்ள கெடக்கு."

என் வீட்டுக்காரரின் கண் அகலமாகத் திறந்துகொண்டது. மலைக்குப் போய் வருகிறவருக்கு இது தெரியாதா? என்னைப் பார்த்தார். கன்னத்தில் காய் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. கடிக்கவில்லை. மகளுக்காகச் செய்த சத்தியம்.

நான் கூடையைப் பார்த்தேன். வியாபாரி, கண்ணாடி எல்லாம் யாரோ ஒட்டவைத்தது. ஆனால் உள்ளே இருந்தது காலையில் நான் சொன்ன அதே வார்த்தைதான். குடோன் ஜன்னலில் கிளம்பி, யார் யார் வாயிலோ வளர்ந்து, ராசிங்காபுரம் டீக்கடைக்குப் போய், வேட்டி சட்டை போட்டுக்கொண்டு என் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தது. சொன்னால் அப்பனும் ஆத்தாளும் சேர்ந்தே புளுகுகிற வீடு என்று எழுந்து போய்விடுவார்கள். சொல்லாவிட்டால் அவர்கள் காய் போய்விடும். என் மகள் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"அண்ணே, மொதல்ல போனப் போட்டு ஜன்னலத் தொறக்கச் சொல்லுங்க. அந்தப் புகைக் கதைய விட்டது நாந்தான். பிள்ளைக வேலை செய்யாம வேடிக்கை பாத்துச்சுகன்னு வாய்க்கு வந்ததச் சொன்னேன். வியாபாரியும் இல்ல, கண்ணாடியும் இல்ல. இவருக்குப் பல்லுவலியும் இல்ல."

அவர் சட்டென்று போனை எடுத்துக் கத்தினார். "ஏய், ஜன்னலத் தொற! பூராத்தையும் தொற!" ஸ்டோரில் இருந்த மலையாளியின் குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "எந்தா சாரே, சாத்தச் சொன்னதும் சார் தானே? எல்லாம் சாத்தி முடிச்சு அர மணிக்கூர் கூட ஆகலியே!"

அரை மணி நேரம்தான். காய் தப்பித்தது. அவர் போனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நான் மகள் பக்கம் திரும்பினேன். அவள் தட்டை வைத்துவிட்டு வந்து, தகர டப்பாவிலிருந்து ஒரு காயை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"இந்தாம்மா. இத நீ அதக்கிக்க."

முதலில் சிரித்தது பையன். பிறகு அவன் அப்பா. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. "அப்ப நெசமா என்னதான் நடந்துச்சு? பாத்த ஆளு யாராவது சொல்லுங்கப்பா!" என்றார் அவர்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "கடிங்க" என்றேன்.

நறுக்கென்று சத்தம் கேட்டது. வீடே ஏலம் மணத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் சொன்னார். "ஆறு மணி இன்னும் ஆகல. எட்டாவது வளைவு. கெழக்க வெள்ளையா ஒரு கோடு எந்திரிச்சு மேல போச்சு. சுருண்டுச்சு. மினுங்குச்சு. சத்தம் வரல. புகை நம்ம பக்கம் வரல. அங்ஙனயே கலைஞ்சிருச்சு. அது என்னன்னு எனக்குத் தெரியாது. அம்புட்டுத்தான்."

அன்று நாடு முழுக்க எத்தனையோ பேர் பேசினார்கள். கண்ணால் பார்த்துவிட்டு, தெரியாது என்று நேராகச் சொன்னவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருத்தர்தான். எனக்குப் பெருமையாக இருந்தது.

"அம்புட்டுத்தானாண்ணே?" என்று கேட்டார் பையனின் அம்மா. சாயந்தரம் முழுக்கப் பேசாமல் இருந்தவர். குரலில் அத்தனை ஏமாற்றம்.

"என்னை ஞாபகம் இல்லையாண்ணே? கல்யாணமான புதுசுல தோட்டத்துக்கு உங்க ஜீப்புலதான் போவேன். வளைவுல கீழ பாத்தா எனக்கு உசுரு போயிரும். மொத நாளு நான் அழுததப் பாத்துட்டு, யானை டயர உருட்டுனத ஆரம்பிச்சீங்க. நான் உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு வந்தேன். கண்ண எடுத்துப் பாத்தா போடிமெட்டு வந்திருச்சு. அந்த வருசம் பூராம் அப்படித்தான். இவன் ரயில்ல பாத்த பொண்ணு உங்க மகள்னு சொன்னதும், வேற எதையும் விசாரிக்க வேணாம்னு சொன்னதே நாந்தான். இன்னைக்கு ஒரு கதையாச்சும் கேக்கலாம்னு வந்தா, ம்முங்கறீங்க!"

என் வீட்டுக்காரர் வெட்கப்பட்டார். அவர் வெட்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை. "கீழ பாத்தாத்தான் தங்கச்சி கொமட்டும். கதை கேட்டா எம்பக்கம் பாப்பாங்க. அதுக்குத்தான்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. எனக்கு வளைவு ரோடே ஆகாது என்று, மலைக்குப் போவதென்றால் பஸ்சில் பின்னால் போய்க் கண்ணை மூடிக்கொண்டு உட்காருகிறவள் நான். இத்தனை வருஷமும் பெருமைக்காகப் பீற்றிக்கொள்கிறார் என்று நினைத்துத்தான் சண்டை போட்டிருக்கிறேன். அந்த நிமிஷம் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. சம்பந்தி வீட்டார் முன்னால் அதைச் செய்ய முடியாது. அதனால் கையில் இருந்த ஏலக்காயை வாயில் போட்டு அதக்கிக்கொண்டேன்.

"மீதியையும் சொல்லுங்க" என்றேன், காய் வாயில் இருக்கத் திக்கித் திக்கி.

"மீதியா?"

"ஆமா. பூராத்தையும் சொல்லுங்க."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தக் கோடு சுருண்டதும் எங்கே போனது தெரியுமா என்று ஆரம்பித்தார். நேராக எட்டாவது வளைவைப் பார்த்து வந்ததாம். இவர் ரிவர்ஸ் எடுத்தாராம். அதுவும் வளைவில் திரும்பியதாம். ஹாரன் அடித்தாராம், ஒதுங்கவில்லையாம். ஏழாவது வளைவுக்கு வந்தபோது பையனின் அப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். பையனின் அம்மா அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே, கையால் துழாவிக் கூடையைத் திறந்தார், பொட்டலத்தைப் பிரித்தார், பக்கத்தில் வந்து நின்ற என் மகளைத் தோளைப் பிடித்து உட்காரவைத்து, மல்லிகைச் சரத்தை அவள் தலையில் வைத்துக்கொண்டே, "அப்பறம்?" என்றார்.

கல்யாணம் தையில் நடந்தது. அது என்ன, யார் விட்டது என்று இன்றுவரைக்கும் ஒருவரும் சொல்லவில்லை. டிவிக்காரர்கள் ஒரு வாரத்தில் மறந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் மறக்கவில்லை. கல்யாணப் பந்தியில் நான் ரசம் விட்டுக்கொண்டு வந்தபோது, இவரைச் சுற்றி ஒரு கூட்டம் இலையில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தது.

"ரெண்டு ஏவுகணை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால."

சொல்லிவிட்டு, நான் நிற்பதைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"ரெண்டா?" என்றேன் நான். "மூணுன்னுல்ல எங்கிட்டச் சொன்னீங்க."